வயசான நாய், பூனை: அறிகுறியை வைத்துக் காரணத்தைத் தேடும் வழி

கோத்தகிரிப் பக்கம் வயசான நாய் நொண்டினாலும் சரி, இருமினாலும் சரி, சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாலும் சரி, அக்கம்பக்கத்தில் இரண்டே பதில்தான் கிடைக்கும். ஒன்று, "வயசாயிடுச்சுல்ல". இன்னொன்று, "இந்தக் குளிருக்கு அப்படித்தான்". நானும் பல வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ராணியை அந்த இரண்டு பதில்களும் சேர்ந்து கிட்டத்தட்ட சாகடித்துவிட்டன. அந்தக் கதை கீழே வருகிறது. அதற்கு அப்புறம், கண்ணில் படுகிற ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய நாய்களுக்கு 7 வயதிலும், பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களுக்கு 9, 10 வயதிலும், பூனைகளுக்கு 10, 11 வயதிலும் முதுமை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதிலிருந்து வருஷத்துக்கு 2 தடவை எடை, ரத்தம், சிறுநீர் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு எண்ணை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாய், பூனையின் இயல்பான உடல் வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம் கணக்கில் 101 காய்ச்சல். அவற்றுக்கு அது சாதாரணம். இது தெரியாமல் "உடம்பு சுடுது" என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துப் பாலில் கலந்து வைக்கிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிப் போகும்.

உடனே கிளம்ப வேண்டியவை

இவற்றுக்குக் காரணம் தேடிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ இருப்பது. பெரிய நாயின் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் இருப்பது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டுவது. ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் வராமல் இருப்பது. பூனையின் பின்னங்கால்கள் திடீரென்று செயலிழந்து, பாதம் ஜில்லென்று ஆகி, வலியில் கத்துவது. கடைசியில் சொன்னது காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் இதய நோயின் விளைவு.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்கேன், பெரிய அறுவை சிகிச்சை என்றால் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அந்த வழியும் இல்லை. 2009 நவம்பர் நிலச்சரிவில் எப்படி இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். தினமும் மருந்து சாப்பிடும் பிராணி வீட்டில் இருந்தால், மழைக்காலத்தில் 2 வாரத்துக்கான மருந்தாவது கையிருப்பில் இருக்கட்டும்.

தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது

முதலில் அளந்து பாருங்கள். காலை 7 மணிக்கு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள். இடையில் ஊற்றுவதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் 7 மணிக்கு மிச்சத்தைக் கழியுங்கள். நாய் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகம். அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது. பூனைக்கு அதில் பாதி. 4 கிலோ பூனை 200 மில்லி குடித்தாலே கவனிக்க வேண்டும். மூன்று நாள் அளந்தால் படம் தெளிவாகிவிடும்.

அதிகம்தான் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: கருத்தடை செய்யாத பெண் நாயா? ஆமாம் என்றால், கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர் தாகம், சோர்வு, வாந்தி, பசியின்மை வந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். ராணிக்கு வந்தது அதுதான். அவளுக்கு அப்போது 10 வயது. மார்கழி மாசம், விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் அவள் நடுராத்திரி எழுந்து சளக் சளக்கென்று தண்ணீர் குடிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தேன். அவளுடைய சாக்கில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு கறை. செம்மண் என்று நினைத்துச் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே இடத்தில் கறை. அப்போதும், பின்பக்கத்தை அவள் ஓயாமல் நக்குவதையும் கறையையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான், "தம்பி, இது மண்ணு இல்ல, மோந்து பாரு" என்றார். அன்று இரவே கீழே இறக்கிப் போனோம். கருப்பையை எடுத்தார்கள். அதற்கு அப்புறம் 2 வருஷம் நன்றாக இருந்தாள்.

கறை வெளியே தெரிந்ததால் அவள் பிழைத்தாள். கருப்பை வாய் மூடிக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. வயிறு மட்டும் பெருக்கும். அதுதான் இன்னும் ஆபத்து.

பெண் நாய் இல்லை, அல்லது கருத்தடை ஆனது என்றால் சிறுநீரகம், சர்க்கரை நோய், அட்ரினல் சுரப்பிக் கோளாறு மூன்றையும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று திரும்பி வராதீர்கள். சிறுநீரகம் முக்கால்வாசி பழுதான பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்கும். சிறுநீரின் அடர்த்தியில் கோளாறு அதற்கு முன்பே தெரியும். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான குழிக்கரண்டியில் ஏந்தி, மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோகலாம். பூனைக்கு இது நடக்காது, மருத்துவரே எடுத்துக்கொள்வார். சர்க்கரை நோய் வந்த பூனைகளில் சில பின்னங்காலைத் தட்டையாகத் தரையில் வைத்து முயல் மாதிரி நடக்கும். பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தக் காரணமாக இருந்தாலும் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. படுக்கையை நனைக்கிறது என்று ராத்திரியில் கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் கெட்ட பிராணிக்கு அது பெரிய கேடு.

பூனை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லில்லி பூனையின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. இலை, தண்டு, பூ, பூச்சாடித் தண்ணீர் எல்லாமே. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். நம் மலையில் பசுமைக் குடில்களில் லில்லி வளர்க்கிறார்கள். புல்வெளியில் தானாகப் பூக்கிற வெள்ளை லில்லியும் உண்டு. பூனை இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள்.

காலையில் எழுந்திருக்க முடியவில்லை

"குளிருக்குத்தான்" என்ற பதில் அதிகம் வருவது இதற்குத்தான். குளிரில் மூட்டு இறுகும், வலி கூடும். ஆனால் வலிக்கு மூலம் மூட்டுத் தேய்மானம். குளிர் அதைக் கிளறிவிடுகிறது.

முதலில் பாதத்தைப் பாருங்கள். வயசான பிராணி நடப்பது குறைவதால் நகம் தேயாது. எங்கள் பூனை சின்னி ஜன்னல் திண்டில் ஏறுவதை விட்டுவிட்டாள். 14 வயது, இனி எங்கே ஏறப்போகிறாள் என்று இருந்தோம். ஒருநாள் மடியில் வைத்து முன்பாதத்தை அமுக்கிப் பார்த்தால், கட்டை விரல் நகம் முழு வட்டமாகச் சுருண்டு அதன் நுனி பாதச் சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் மஞ்சளாகச் சீழ். மருத்துவர் நகத்தை வெட்டி, துண்டைப் பிடுங்கி எடுத்தபோது அவள் கத்தவில்லை. கையை ஒருமுறை உதறிவிட்டு நக்கத் தொடங்கினாள். எத்தனை வாரம் அதோடு நடந்திருப்பாளோ. மாசத்துக்கு ஒருமுறை நகத்தைப் பாருங்கள், குறிப்பாகத் தரையில் படாத அந்தக் கட்டை விரல் நகத்தை.

நகம் சரி என்றால் தரையைப் பாருங்கள். டைல்ஸிலும் சிவப்பு சிமென்டுத் தரையிலும் வயசான நாயின் பின்னங்கால் வழுக்கும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை சாக்கோ பழைய ஜமுக்காளமோ போட்டுவையுங்கள். வெறும் தரையில் படுக்கவிடாமல் மரப்பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் கம்பளி. அப்புறம் எடை. காலையில் டீயோடு வர்க்கி, மதியம் சோறு, சாயந்தரம் பிஸ்கெட் என்று கொடுத்துக் குண்டாக்கிய நாய்க்கு எடையைக் குறைப்பதே பாதி வைத்தியம். வர்க்கி முழுக்க மாவும் கொழுப்பும்தான். பாசமாகக் கொடுக்கிறோம், தெரியும். ஆனால் அந்த எடையைச் சுமப்பது தேய்ந்த மூட்டு.

பின்னங்கால் பாதம் மடிந்து மேல்பக்கம் தரையில் உரசி நடந்தால் அது மூட்டு இல்லை, தண்டுவடம். அதற்குத் தாமதிக்காமல் எக்ஸ்ரே வேண்டும்.

வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக் கால்நடை மருத்துவத்தில் 2006-லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து போட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் இந்தியா முழுவதும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி நம் மலையடிவாரத்தில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வலிக்கு மருத்துவர் பெரும்பாலும் மெலாக்ஸிகாம் எழுதுவார். அதற்கும் முன்னால் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். எடைக்கேற்ற அளவு வேண்டும்.

குளிருக்குக் கரி மூட்டிக் கணப்பு வைக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஜன்னலை அடைத்த அறையில் கரிக்கணப்பை வைத்து நாயைப் பக்கத்தில் படுக்கவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எழுந்து வெளியே போகத் தெம்பில்லாத கிழ நாய் அங்கேயே முடிந்துவிடும். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் போதும்.

இருமல், மேல்மூச்சு

இருமல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். சங்கிலியை இழுத்தால் வாத்து கத்துகிற மாதிரி இருமினால், குறிப்பாகப் பொமரேனியனுக்கு, மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு மார்புப்பட்டைக்கு மாறுங்கள். ராத்திரியில், படுத்திருக்கும்போது இருமினால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சின்ன ரக நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தடித்துக் கசிவது மிகவும் சகஜம்.

இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு, காசு செலவில்லாதது. நாய் நன்றாகத் தூங்கும்போது விலா எழுந்து இறங்குவதைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போது எண்ணாதீர்கள், கணக்குத் தப்பும். மூன்று நாள் தொடர்ந்து 30-க்கு மேல் போனால், அல்லது எப்போதும் 18 இருந்தது திடீரென்று 36 ஆனால், நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பூனைக்கும் இதே கணக்கு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணவே வேண்டாம், நேரே மருத்துவமனை.

சாப்பிட மறுக்கிறது

கிட்ட வந்து மோந்து பார்த்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போகிறதா? பசி இருக்கிறது, வாய் வலிக்கிறது. உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: பழுப்புக் காரை, சிவந்த ஈறு, துர்நாற்றம். மயக்கம் கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். வயதானதால் மயக்க மருந்து கூடாது என்பதில்லை; முன்னதாக ரத்தமும் இதயமும் பார்த்துக்கொண்டால் போதும். கிட்டவே வரவில்லை என்றால் நோய் உள்ளே. குண்டுப் பூனை 2, 3 நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். பூனை விஷயத்தில் "நாளைக்குப் பார்க்கலாம்" ஒரு நாளோடு நிற்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, தடுப்பூசியும் போடவில்லை என்றால் தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று கையை விடாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் இருக்கும். 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் குன்னூர் நம் பக்கத்து ஊர். வெறிநாய்க்கடித் தடுப்பூசி என்றால் என்ன என்று இந்த மலைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழ நாய் வெளியே போவதில்லை என்று வருடாந்தர ஊசியை நிறுத்தும் பழக்கம்தான் போக வேண்டும்.

வாந்தியும் நடுக்கமும் திடீரென்று வந்தால் வீட்டில் சாக்லேட் திறந்து கிடந்ததா என்று பாருங்கள். நம் ஊர் வீட்டுச் சாக்லேட், முக்கியமாகக் கறுப்பு வகை, நாய்க்கு நஞ்சு. இதயம் பலவீனமான நாய்க்கு இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும் உலர்திராட்சையும் அப்படியே.

நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது

பூனை என்றால் தைராய்டு மிகைப்பு, சர்க்கரை, குடல் நோய். பசி அதிகம், ராத்திரியில் கத்தல், ரோமம் சிலிர்த்துக் கிடப்பது எல்லாம் சேர்ந்தால் தைராய்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நாய் என்றால் சர்க்கரையோடு குடற்புழுவையும். மாசாமாசம் எடை பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். நீங்கள் தூக்கிக்கொண்டு மிஷினில் நின்று, அப்புறம் உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

கட்டி, கண்

தோலுக்கடியில் மெத்தென்று நகரும் கட்டி பெரும்பாலும் கொழுப்புக்கட்டிதான். ஆனால் கையால் தொட்டு யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஊசியால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள். முலைக்காம்பை ஒட்டிய கட்டிகளில் நாய்க்குச் சுமார் பாதி புற்று. பூனைக்குப் பெரும்பாலானவை புற்று. பட்டாணி அளவிலேயே காட்டுங்கள்.

கண் மணி நீலம்பூத்து மங்கலாகியும் நாய் படியில் சரியாக இறங்கினால் அது வயதோடு வருவது, மருந்து தேவையில்லை. வெள்ளை விழுந்து முட்டிக்கொண்டால் கண்புரை, சர்க்கரையும் பாருங்கள். கிழப் பூனைக்கு ஒரே நாளில் பார்வை போனால் ரத்த அழுத்தம் ஏறி விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே போனால் பார்வை கொஞ்சம் திரும்ப வாய்ப்புண்டு.

தலை சாய்ந்து, சுற்றிச் சுற்றி விழுகிறது

பார்க்கவே பயமாக இருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த கிழ நாய் காலையில் தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்மணி இடதும் வலதுமாகத் துடிக்க, எழுந்ததும் விழும். பக்கவாதம் என்று முடிவுகட்டி, "கஷ்டப்பட வேண்டாம், ஊசி போட்டுவிடுங்கள்" என்று கொண்டுபோனவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். வயசான நாய்களுக்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு திடீரென்று தடுமாறுவது உண்டு. பெரும்பாலும் 3 நாளில் தேறத் தொடங்கி, 2, 3 வாரத்தில் நடந்துவிடும். தலைச் சாய்வு மட்டும் சிலருக்கு மிச்சமிருக்கும். மருத்துவரிடம் காட்டிக் காதில் சீழ் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவரை சுற்றிலும் தலையணை, கையால் ஊட்டல், ஸ்பூனில் தண்ணீர்.

மூக்கில் ரத்தம்

ஒரு துவாரத்தில் மட்டும் வந்து, நாய் சோலைக்குள் ஓடையில் தண்ணீர் குடித்திருந்தால் மூக்குக்குள் அட்டை இருக்கலாம். உப்போ மஞ்சளோ ஊற்றாதீர்கள், மருத்துவர் எடுப்பார். சோர்வு, வெளுத்த ஈறு, உடம்பில் உண்ணி என்றால் உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பார்க்க வேண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும் உண்ணி பரப்பும் நோயாக இருக்கலாம். இரண்டும் இல்லாமல் ஒரே பக்கம் வாரக்கணக்கில் வந்தால் மூக்கில் கட்டி இருக்கலாம்.

ராத்திரியில் திசை தெரியாமல் சுற்றுகிறது

மூலையில் நின்று சுவரைப் பார்ப்பது, கதவின் கீல் பக்கத்தில் காத்து நிற்பது, பகலெல்லாம் தூங்கி ராத்திரி குரைப்பது. வலி, காது கேளாமை, சிறுநீர்த் தொற்று மூன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சுவது மூளை முதுமை. முழுக்கக் குணமாகாது. மாற்றமில்லாத நேர ஒழுங்கும், ராத்திரி ஒரு சின்ன விளக்கும், பகலில் சிறுநடையும் உதவும், மருந்தும் உண்டு.

கதவை மட்டும் திறக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு ஒண்ணுக்குப் போக அழுதால், குளியலறையில் சாக்கு விரித்துப் பழக்குங்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தைக்கு முதலில் மாட்டுவது வராந்தாவில் கட்டிய கிழ நாய்தான். காது மந்தமானதற்குக் கரடியும் காட்டுமாடும் வருவது தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள்.

எதற்கும் எழவில்லை

மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் தினசரிக் காலண்டர் தாளில் ஒரு குறி போட்டுவாருங்கள். தானாகச் சாப்பிட்டு, எழுந்து, உங்களைப் பார்த்து வாலாட்டிய நாளுக்கு ஒரு டிக். இல்லாத நாளுக்கு ஒரு கோடு. ராணிக்கு ஒரு மாசம் நான் போட்ட தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. கோடுகள் அதிகமானபோது மருத்துவரை வீட்டுக்கே கூப்பிட்டோம். முதலில் மயக்க ஊசி, அப்புறம் மற்றது. அவள் தன் சாக்கில்தான் படுத்திருந்தாள், தலை என் தொடையில்.

வீட்டுத் தோட்டத்தில் புதைப்பதானால் இடுப்பளவு ஆழம் வேண்டும். மண்ணை மிதித்து இறுக்கி, மேலே பாறைக் கல் அடுக்குங்கள். இல்லையென்றால் காட்டுப்பன்றி தோண்டிவிடும். போட்ட மருந்து உடம்பில் தங்கியிருக்கும், தின்னும் மிருகத்தையும் பறவையையும் கொல்லும். காட்டோரத்தில் போட்டுவிட்டு வராதீர்கள்.